பர்வதமலைக்குப் புறப்படும் முன்

பௌர்ணமி நெருங்கும் நாள்களில் புறநோயாளர் பிரிவில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: “டாக்டர், பர்வதமலைக்குப் போய் வரலாமா?” கேட்பவர் பெரும்பாலும் நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருந்து உட்கொள்பவர், நெடுநாள் வேண்டுதல் ஒன்றும் அவருக்கு இருக்கும். இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. உடலைச் சோதித்து, பழக்கி, எந்த நிலையில் திரும்ப வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டவரையே நாங்கள் தயக்கமின்றி அனுப்பி வைக்கிறோம்.

மலையை அறிதல்

திருவண்ணாமலை மாவட்டத்தில், கடலாடி, தென்மகாதேவமங்கலம் ஆகிய ஊர்களை அடிவாரமாகக் கொண்டு, சுமார் 4,500 அடி உயரத்தில் நிற்பது பர்வதமலை. உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயில் உள்ளது. தொடக்கத்தில் படிகள், பிறகு காட்டினூடே கரடுமுரடான கற்பாதை, இறுதியில் கடப்பாறை நெட்டு, ஏணிப்படி என அழைக்கப்படும் செங்குத்தான பகுதிகள். ஏறுவதற்கே பலருக்கு 3 முதல் 4 மணி நேரம் ஆகிறது. இடையில் வாகனம் வர வழியில்லை. மேலே மயங்கி விழுந்தவரை மனிதர்களே சுமந்து இறக்க வேண்டும்.

சங்க இலக்கியம் கூறும் நவிரமலை இதுவே என்பர் தமிழறிஞர். அம்மலைநாட்டு வழியைப் பாடும் மலைபடுகடாம், எங்கே வழுக்கும், எங்கே பாம்பு உறையும், இரவில் எங்கே தங்க வேண்டும் என்று செல்வோரை முன்கூட்டியே எச்சரிக்கிறது. வழியின் இடர்களை அறிந்து புறப்படுவது அச்சம் அன்று. நம் பழைய மரபே.

உடலைச் சோதித்தல்

பெண்ணாடம் சமவெளி ஊர். அருகிலுள்ள விருத்தாசலத்திற்குப் பழமலை என்று பெயர் இருப்பினும், ஏறிப் பழக அங்கும் மலை இல்லை. வயல் வேலையில் உரம் பெற்ற உடலுக்கும் செங்குத்தாக ஏறுவது புதிய உழைப்பே. இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் தரைமட்டத்தைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. நலமான உடலுக்கு அது பெரும் இடையூறு அன்று. மணிக்கணக்கில் தொடரும் உழைப்பும், வெயிலும், நீரிழப்புமே இதயத்தைச் சோதிப்பவை.

இரண்டு மாடிப் படிகளை நிற்காமல் ஏறிப் பாருங்கள். மார்பில் அழுத்தமோ, பேச இயலாத மூச்சிரைப்போ தோன்றினால், பயணத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வாருங்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர், இதயச் செயலிழப்பு உள்ளவர் ஆகியோர் இதய மருத்துவரின் ஒப்புதலின்றி ஏறக் கூடாது. மற்றவர் ஆறு வாரம் முன்னரே பயிற்சியைத் தொடங்கலாம்: வாரத்தில் ஐந்து நாள் 45 நிமிட வேக நடை, அவற்றுள் இரண்டு நாள் மாடிப்படி ஏற்றமும் இறக்கமும்.

மருந்தும் உணவும்

விரதம் இருந்து ஏறுவதே நாங்கள் மிகவும் அஞ்சும் செயல். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றுடன் ஏறினால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். அந்தத் தாழ்வு அன்றிரவு உறக்கத்திலும் வரலாம். டாபாகிளிபுளோசின் வகை மாத்திரை உட்கொள்வோர்க்குப் பட்டினியும் நீரிழப்பும் வேறொரு கேட்டை விளைவிக்கும்: இரத்தத்தில் அமிலம் மிகும். அதற்காக மருந்தைத் தாமாகவே நிறுத்துவதும் தவறு. அன்றைய அளவை மருத்துவர் மாற்றித் தருவார். சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்வோரும் அவ்வாறே கேட்டறிய வேண்டும்.

நடுக்கம், திடீர் வியர்வை, தடுமாற்றம் தோன்றினால் உடனே உட்கார்ந்து 15 கிராம் குளுக்கோஸ், அதாவது 3 தேக்கரண்டி, உட்கொள்ளுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் அதே அளவு. தெளிந்த பின் சிற்றுண்டி உண்டு, கீழே இறங்குங்கள். மேலே ஏற வேண்டாம்.

ஒருவருக்கு மூன்று லிட்டர் நீரும், இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் தேவை. சிறுநீரக நோயோ இதயச் செயலிழப்போ உள்ளவர் இந்த அளவையும் கேட்டே முடிவு செய்க. கால் மரத்துப்போன நீரிழிவு நோயாளிகள் வெறுங்காலுடன் நடக்கலாகாது. முள் தைத்ததும் தெரியாது. குரங்குகள் மிகுதி, உணவையும் மருந்தையும் கையில் தொங்கும் பையில் வைக்காதீர்கள்.

நாளும் நேரமும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும். ஓடைகள் நொடியில் பெருகும். சித்திரை, வைகாசி வெயில் கடுமையானது. தை, மாசி ஏற்ற மாதங்கள். வனத்துறையின் அன்றைய விதிகளை முன்னரே கேட்டறியுங்கள். இரவெல்லாம் பேருந்தில் விழித்திருந்து விடியலில் ஏறாதீர்கள். முதல் நாளே திருவண்ணாமலை சென்று உறங்குங்கள். காலை 6 மணிக்கு ஏறத் தொடங்கினால், 11 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது என்று உறுதி செய்யுங்கள். இறங்கும்போது சோர்ந்த தொடைகள் நடுங்கும்; கைத்தடி முழங்காலைக் காக்கும்.

மார்பழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, பத்து நிமிடம் அமர்ந்தும் தணியாத மூச்சிரைப்பு: இவற்றுள் ஒன்று தோன்றினாலும் பயணம் அங்கேயே முடிந்தது. அவரை நடக்க விடாதீர்கள். 108-ஐ அழைத்து, அடிவாரத்துக்கும் செய்தி அனுப்புங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல். “இவ்வளவு தூரம் வந்துவிட்டு, இன்னும் கொஞ்சம்தானே” என்று சோர்ந்தவரை ஊக்கப்படுத்தாதீர்கள். அவர் அமர்ந்தால் நீங்களும் அமருங்கள். அவர் திரும்பினால் ஒருவராவது உடன் திரும்புங்கள். பாதி வழியில் கைகூப்பித் திரும்பியவரின் வேண்டுதல் குறைபட்டதாகாது. பயணத்திற்கு ஆறு வாரம் முன்பே, உட்கொள்ளும் மாத்திரை அட்டைகளுடனும் உடன் வரவிருக்கும் ஒருவருடனும் எங்களை வந்து பாருங்கள். சேர்ந்தே திட்டமிடுவோம்.