சோவாவே ஒயினும் அதற்கேற்ற உணவும்

இத்தாலி தேசத்தின் வடகிழக்கில் வெரோனா என்னும் நகரம் உள்ளது. அதற்குக் கிழக்கே, பழைய கோட்டை ஒன்றின் அடியில் அமைந்த சிற்றூர் சோவாவே. அவ்வூரின் பெயரையே தாங்கி உலகச் சந்தைக்குச் செல்லும் வெள்ளை ஒயினைப் பற்றி இங்கே விளக்க விரும்புகிறோம். நம் அங்கத்தினர்களுள் பலர் மதுவைத் தொடாதவர்கள் என்பதை அறிவோம். ஆயினும், சிறு விவசாயிகளின் விளைபொருள் ஒன்று நற்பெயர் பெற்றதும், அப்பெயர் குன்றியதும், அதை மீட்க அவர்கள் முயன்றதும் நாம் எல்லோரும் அறியத்தக்க செய்திகளாகும்.

இந்த ஒயினில் நூற்றுக்கு 70 பங்குக்குக் குறையாமல் கர்கானேகா என்னும் திராட்சை இருக்க வேண்டும் என்பது விதி. அது விளையும் குன்றுகளிற் பெரும்பகுதி எரிமலைப் பாறையிலிருந்து உண்டான கரிய மண். சில இடங்களில் சுண்ணாம்பு மண். கொடிகளைப் பந்தலில் படர விடுவது அவ்வூரார் வழக்கம். பழம் முதிர்வது தாமதமாகையால் செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் அறுவடை நடைபெறும். ஒயின் வைக்கோல் நிறமுடையது. ஆப்பிள், பேரிக்காய் ஆகியவற்றின் மணமும், நாவைத் துலக்கும் புளிப்பும், முடிவில் வாதுமைப் பருப்பின் இலேசான கசப்பும் அதன் குணங்கள்.

உணவுப் பொருத்தம் அந்தப் புளிப்பைக் கொண்டே அமைகிறது. வறுத்த மீனின்மேல் எலுமிச்சம்பழம் பிழிகிறோம் அல்லவா? அப்புளிப்பு எண்ணெயின் கனத்தை நீக்கி, அடுத்த கவளத்துக்கு நாவை ஆயத்தமாக்குகிறது. இந்த ஒயினும் அவ்வேலையையே செய்கிறது. ஆகவே கார்தா ஏரியின் மீனும், வெரோனாவுக்குத் தெற்கே விளையும் வியாலோனே நானோ அரிசியைக் காய்கறிச் சாற்றில் கிளறிச் செய்யும் ரிசோட்டோவும், பச்சைப் பட்டாணி சேர்த்த சோறும், இளம் பாலாடைக்கட்டியும் இதற்கு ஏற்றவை. அண்டை நகரமான விசென்சாவில் உலர்ந்த மீனைப் பாலிலும் எண்ணெயிலும் மெல்ல வேகவைத்து, மக்காச்சோளக் களியுடன் பரிமாறுவார்கள். அதற்கும் இது பொருந்தும். மிகுந்த காரமும் கனத்த மாமிசக் குழம்பும் ஒவ்வா. அவற்றின் நடுவே இதன் மென்மை மறைந்துவிடும். பத்து டிகிரி அளவில் குளிர்வித்தல் போதும். அதற்கும் மேலாகக் குளிர்வித்தால் மணம் அடங்கிவிடும்.

இனிச் சங்கத்தின் கதைக்கு வருவோம். பறித்த திராட்சை காத்திருக்காது. ஆலையும் நிலவறையும் இல்லாத சிறு விவசாயி, வியாபாரி சொன்ன விலைக்கு அன்றே விற்றாக வேண்டும். இத்தகைய நிலையில் உள்ளவர்களுக்குக் கூட்டுறவே துணை. சோவாவேயில் 1898-ல் கூட்டுறவு ஒயின் ஆலை ஒன்று தோன்றி இன்றும் நடந்து வருகிறது.

தரமான குன்றுப் பகுதியின் எல்லை 1931-ல் வரையறுக்கப்பட்டது. 1968-ல் அரசாங்கம் இப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தபோது எல்லை சமவெளிக்கும் விரிந்தது. அடுத்த ஆண்டுகளில் அமெரிக்கா முதலிய தேசங்களில் கிராக்கி பெருகியது. கர்கானேகாவோ இயல்பிலேயே மிகுதியாகக் காய்க்கும் கொடி. வளமான சமவெளியில் அளவின்றிக் காய்க்கவிட்டதனால் சாறு நீர்த்தது. புட்டியின்மேல் உள்ள பெயர் ஒன்றே. நல்லதையும் நீர்த்ததையும் வாங்குபவர் எங்ஙனம் பிரித்தறிவார்? குன்றில் பாடுபட்டவரின் பெயரும் சேர்ந்தே கெட்டது. 1971 முதல் ஒரே தோட்டத்துப் பழத்தைத் தனியே புட்டியிலிட்டுத் தரம் காத்த பியரோபான் குடும்பத்தார் போன்ற சிலர் பெயரை விடாமல் நின்றனர். ரொபெர்த்தோ அன்செல்மி என்னும் புகழ்பெற்ற உற்பத்தியாளரோ 2000-ஆம் ஆண்டளவில் சோவாவே என்ற பெயரையே துறந்தார்.

பின்னர் 2001-ல் உயர்தர வகைக்குத் தனி விதி வகுத்து, ஹெக்டேருக்கு 10 டன் பழத்துக்குமேல் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். 2018-ல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் இக்குன்றுத் தோட்டங்களை உலக விவசாயப் பாரம்பரியமாக ஏற்றது.

எடையை மட்டும் பார்த்து விலை கொடுத்தால் மிகுதியாக விளைவிப்பவருக்கே ஆதாயம். நன்றாக விளைவிப்பவர் நஷ்டமடைந்து சோர்வார். கெஜக் கணக்கில் மட்டும் கூலி தந்தால் தறியிலும் இதுவே நேரும். தரம் பிரித்து விலை கொடுக்கும் தீர்மானம் பொதுக்கூட்டத்துக்கு வரும்போது, அது தனியொருவரைத் தாழ்த்துவதற்கு அன்று, எல்லோருக்கும் உரிய பெயரைக் காப்பதற்கே என்பதை நினைவிற்கொண்டு வாக்களிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.