கம்பளக் குஞ்சத்தை வெளுக்கலாமா?

கையால் முடிச்சிட்டு நெய்யப்படும் கம்பளத்தின் இரு முனைகளிலும் தொங்கும் குஞ்சம், நெசவு முடிந்த பிறகு அழகுக்காகத் தைத்துச் சேர்க்கப்பட்டது என்றே பல வீடுகளில் கருதப்படுகிறது. உண்மையில் அது கம்பளத்தின் பாவு, அதாவது தறியில் முதன்முதலில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூல். இந்தப் பாவு நூல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, அவற்றின்மேல் கம்பளி அல்லது பட்டு முடிச்சுகளை வரிசையாக இட்டு, குறுக்கே ஊடை நூலை ஓட்டி, கனத்த சீப்பால் அடித்து இறுக்கிக்கொண்டே நெசவாளர் மேலே செல்கிறார். வேலை முடிந்து கம்பளத்தைத் தறியிலிருந்து அறுத்து இறக்கும்போது மிஞ்சி நிற்கும் பாவின் நுனிகளே குஞ்சமாகின்றன. ஆகவே ஒரு முனையில் தொங்கும் இழை கம்பளத்தின் முழு நீளத்தையும் ஊடுருவி மறுமுனையில் வெளிப்படுகிறது. முனையில் அந்த இழை நைந்து அறுந்தால் ஊடை அவிழும், ஊடை அவிழ்ந்தால் முடிச்சுகள் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கும். பழுப்பேறிய குஞ்சத்தை வெண்மையாக்குவது என்னும் சின்ன வேலை பெரிய கவனத்தைக் கோருவதற்கு இதுவே காரணம்.

இயந்திரத்தில் நெய்யப்படும் கம்பளங்களிலும், துணியில் நூலைச் செலுத்தி அடியில் பசை பூசிச் செய்யப்படும் ‘டஃப்டட்’ வகையிலும் குஞ்சம் பெரும்பாலும் தனியே தைக்கப்படுவது என்பதால், கெட்டுப்போனால் மாற்றிவிடலாம். கம்பளத்தைப் புரட்டிப் பார்த்து, குஞ்ச நூல் உடலுக்குள் தொடர்கிறதா, தையலோடு நின்றுவிடுகிறதா என்று கவனித்தால் இரண்டையும் பிரித்தறியலாம்.

அடுத்து அறிய வேண்டியது இழையின் வகை. உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, ஈரானின் காஷான், தப்ரீஸ் போன்ற ஊர்களின் கம்பளங்களில் பாவு பெரும்பாலும் பருத்தி. ஈரானின் கூம், துருக்கியின் ஹெரெக்கே, காஷ்மீர் ஆகிய இடங்களின் நேர்த்தியான பட்டுக் கம்பளங்களில் பாவும் பட்டாகவே இருப்பதுண்டு. துருக்மேனியர், பலூச்சியர் போன்ற மேய்ச்சல் குடிகளின் கம்பளங்களில் பாவு கம்பளியாக இருக்கும். இவற்றுள் கடைசி வகையின் குஞ்சம் பிறந்தபோதே வெண்மையாக இருந்ததில்லை. சாயம் ஏற்றாத ஆட்டுமயிரின் தந்தநிறமோ சாம்பலோ பழுப்போ அதன் இயல்பு நிறம், அதை அழுக்கு என்று எண்ணி வெளுக்க முற்படுவது அறியாமை. பருத்தியும்கூட வெளுக்கப்படாத நிலையில் பாலாடை நிறமுடையது. காகிதத்தின் வெண்மையை எந்தப் பழைய குஞ்சத்திடமும் எதிர்பார்ப்பதற்கில்லை.

நிறம் மாறுவதற்கான காரணங்கள் பல. அவற்றைப் பிரித்தறியாமல் கையாளும் மருந்து எதுவும் நோயறியாமல் கொடுத்த மருந்தாகவே முடியும். குஞ்சம் கம்பளத்தின் விளிம்பில் கிடப்பதால் காலடித் தூசி அங்கேதான் முதலில் படிகிறது என்பது வெளிப்படை. அதனினும் தொல்லை தருவது, கழுவிய பின் தோன்றும் பழுப்பு. பருத்தியின் அடிப்படைப் பொருளான செல்லுலோஸ் காலப்போக்கில் ஒளி, காற்று, வெப்பம் ஆகியவற்றால் சிதையும்போது நீரில் கரையும் மஞ்சள் பழுப்புப் பொருள்கள் உண்டாகின்றன. கம்பளம் நன்றாக நனைந்து மெதுவாக உலரும்போது, நூலின் நுண்ணிய இடைவெளிகள் வழியே நீர் நுனியை நோக்கி ஏறி அங்கே ஆவியாகிறது. அது சுமந்து வந்த பழுப்பும் அழுக்கும் சோப்பின் மிச்சமும் நுனியிலேயே தங்கிவிடுகின்றன. சோப்பின் காரத்தன்மை இதை மேலும் கூட்டுகிறது. வெள்ளையாக்கவென்று கழுவிய குஞ்சம் மறுநாள் முன்னைவிடக் கறுத்துக் காணப்படுவதன் விளக்கம் இதுதான். முடிச்சு நூலின் சிவப்பு கசிந்து ஏறுவது, இரும்புக் கட்டிலின் காலிலிருந்து படியும் துரு, வளர்ப்பு நாயின் சிறுநீர் ஆகியவை வேறு வகைக் கறைகள். புதிய கம்பளத்துக்குப் பழமையின் சாயல் தருவதற்காக விற்பனைக்கு முன்பே தேயிலைச் சாறு போன்றவற்றால் நிறமேற்றும் வழக்கமும் உண்டு; அந்தப் பழுப்பு விலைகொடுத்து வாங்கப்பட்டது, கறையென்று கருதத் தக்கதன்று.

இந்த வேறுபாடுகள் எதையும் பாராமல் பெரும்பாலோர் கையிலெடுப்பது பிளீச் எனப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். அது விரைவாக வெளுக்கிறது என்பதில் ஐயமில்லை. வெளுக்கும் அதே வினையால் செல்லுலோஸ் சங்கிலிகளையும் வெட்டுகிறது என்பதே சிக்கல். நூல் வலுவிழந்து, சில காலத்தில் தொட்டாலே பொடியும் நிலைக்கு வருகிறது. குளோரின் பட்ட பருத்தி பின்னாளில் மீண்டும் மஞ்சளிக்கவும் செய்கிறது. கம்பளியும் பட்டும் புரதங்களால் ஆனவை. அவை இக்கரைசலைத் தாங்குவதே இல்லை. கலப்புத் துணியில் கம்பளி எவ்வளவு, பருத்தி எவ்வளவு என்று கண்டறிய, துணியைச் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் இட்டுக் கம்பளியை முற்றிலும் கரைத்துவிட்டு எஞ்சிய பருத்தியை நிறுப்பது துணி ஆய்வுக்கூடங்களில் நிலைபெற்ற முறை. அதே நீர்மத்தைக் கம்பளி முடிச்சுகளுக்கு ஓர் அங்குலத் தொலைவில், நூலின் வழியே ஈரம் எந்தத் திசையிலும் ஏறக்கூடிய இடத்தில் பூசுவதன் விளைவை விளக்கத் தேவையில்லை. அமிலமோ வினிகரோ சேர்ந்தால் அதிலிருந்து நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும் என்பது தனியே நினைவில் கொள்ள வேண்டிய ஆபத்து.

கம்பள வணிகம் இந்தப் பிழையை முழுக் கம்பளங்களின் மீதே செய்து பார்த்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஈரானிலிருந்து அமெரிக்கா சென்ற சாரூக் கம்பளங்கள் பலவற்றை, பளபளப்புக் கூட்டவும் பளிச்சென்ற நிறத்தைத் தணிக்கவும் அங்கே இரசாயனத்தில் கழுவினார்கள். நிறம் அளவுக்கு மீறி வெளிறியதால், வாடிக்கையாளர் விரும்பிய அடர்சிவப்பைத் தூரிகை கொண்டு மேலே தீட்டினார்கள். வெளுத்து, பின் சாயம் பூசி, ஒரு பிழையை இன்னொன்றால் மூடிய வேலை அது.

ஆகவே முதல் வழி வெளுப்பதன்று, சுத்தம் செய்வதே. குஞ்சத்திலுள்ள தூசியை உலர்ந்த நிலையிலேயே மெல்லிய தூரிகையால் உதிர்த்துவிட்டு, முடிச்சுப் பகுதியின் மீது ஈரமான வெள்ளைத் துணியைச் சற்று அழுத்திப் பார்த்துச் சாயம் கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். கசிந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. கசியாவிட்டால், குஞ்சத்தின் அடியில் பிளாஸ்டிக் தாளும் அதன்மேல் வெள்ளைத் துண்டும் விரித்து, கம்பளித் துணிகளுக்கான காரம் குறைந்த சோப்பு நீரைக் கொஞ்சமாகத் தொட்டு, உடலிலிருந்து நுனி நோக்கி மட்டுமே துலக்கி, ஈரத்தை உடனுக்குடன் ஒற்றியெடுக்க வேண்டும். பின்னர் நீர்த்த வெள்ளை வினிகரால் துடைத்தால் சோப்பின் மிச்சக் காரம் நீங்கி, பழுப்பு மீண்டும் தோன்றுவது குறையும். உலர்த்துவதில் வேகம் தேவை: குஞ்சத்தை உலர்ந்த வெள்ளைத் துண்டின்மேல் நேராகப் பரப்பி மின்விசிறியை வைத்தால், நுனியேறும் அழுக்கில் ஒரு பகுதி துண்டுக்குப் போய்விடும்.

இதற்கும் அடங்காத பழுப்புக்கு, பருத்திக் குஞ்சத்தில் மட்டும், ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்தலாம். அது நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைவதால் குளோரினைப் போல் எச்சம் விட்டுச் செல்வதில்லை. இந்திய மருந்துக் கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் 6 சதவீதக் கரைசலில் சம அளவு நீர் சேர்த்து, கையுறை அணிந்து, ஓர் இழையில் சோதித்த பின்னரே தொடர வேண்டும், முடிச்சுகளில் படக்கூடாது. துருக்கறை உள்ள இடத்தில் இதைத் தொடவே கூடாது, ஏனெனில் இரும்பு பெராக்சைடின் சிதைவை முடுக்கி அவ்விடத்து நூலைப் பொத்தலாக்கிவிடும். சாயப் பட்டறைகளில் ‘ஹைட்ரோஸ்’ என்று வழங்கும் சோடியம் ஹைட்ரோசல்பைட், கசிந்த சாயத்தை நீக்க வல்லது. ஆனால் வேண்டிய சாயத்தையும் வேண்டாத சாயத்தையும் பிரித்தறியும் திறன் அதற்கு இல்லாததால் அதைத் தேர்ந்த கைகளிடமே விட்டுவிட வேண்டும்.

சொட்டு நீலமும், சலவைத் தூள்களில் கலக்கப்படும் ஒளிர்வெண்மைப் பொருள்களும் பழுப்பை அகற்றுவதில்லை. முன்னது நீலச் சாயலால் மஞ்சளை மறைக்கிறது. பின்னது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக உமிழ்ந்து கண்ணை நம்பவைக்கிறது. வேட்டிக்கு இது பொருந்தலாம். நூறாண்டுக் கம்பளத்தின் முனையில் நீலம் பாரித்த வெண்மை ஒட்டாமல் நிற்கும், ஒளிபட்டு அப்பொருள் சிதைந்ததும் மஞ்சள் திரும்பிவிடும்.

சிதைந்துபோன பாவை மீட்பதற்கு, புதிய நூலை ஊசியால் கம்பளத்தின் உடலுக்குள் செலுத்தி, உதிர்ந்த முடிச்சுகளைப் பழைய வரிசைப்படி மீண்டும் இட வேண்டும். எளிய கம்பளமானால் அதன் விலையைவிட இந்தப் பழுதுபார்ப்புக்கே செலவு கூடிவிடும். எனவே கம்பளத்தைச் சலவைக்குக் கொடுப்பவர்கள், குஞ்சத்துக்கு என்ன மருந்து போடப்படும் என்பதை முன்கூட்டியே கேட்டறிவது அவசியம். பிளீச் என்று பதில் வந்தால், பழுப்புக் குஞ்சத்தோடு கம்பளத்தை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவதே சரியான முடிவு.