கடைசற்பொறி சுழலாது முரலுவதேன்?

தொழிற்கூடத்துக் கடைசற்பொறியின் ஆளியை இட்டதும் மோட்டர் சுழலாது முரலுமாயின், தாமதியாது மின்னைத் துண்டித்தல் வேண்டும். அன்றேற் சுருள்கள் விரைவிற் கருகும். மூவவத்தை மின்னில் ஓர் அவத்தை அறுந்தமையே பெரும்பாலும் காரணமாகும். ஓடும்போது அறுந்தாலோ மோட்டர் நிற்பதில்லை. எஞ்சிய இரு கம்பிகளிலும் மிகை மின்னோட்டம் ஏற, ஓடிக்கொண்டே வேகும். இக்கள்ளத்தனமே அதிகம் அஞ்சத்தக்கது என்போம்.

பிரதான ஆளியைத் திறந்து பூட்டிய பின்னர், வார்ப்பட்டையைக் கழற்றித் தண்டைக் கையாற் சுழற்றிப் பார்க்க. இறுகியிருப்பின் தாங்கியையே முதலில் ஐயுறல் வேண்டும். இலகுவாகச் சுழலின் உருகிகளையும் தொடுகைகளையும் ஆராய்க. மூன்று சுருள்களின் தடையும் ஏறக்குறையச் சமமாதல் வேண்டும். 500 உவோற்றுச் சோதனையிற் சுருளுக்கும் உடலுக்குமிடையே காவற்றடை 1 மெகா ஓமிற் குறையலாகாது. கம்பிகளுக்கிடையே 400 உவோற்று உண்டாவென அளத்தல் மின் உள்ளபோதே செய்யப்படுவது. அதனை மாணவர் கையில் விடுதல் தகாது. உருகிக்குப் பதிலாகத் தடித்த செப்புக்கம்பி சுற்றும் வழக்கத்தை எங்குக் காணினும் கண்டிப்போம்.