கால் மரத்துப்போனால் குளிர்தானா காரணம்?

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில், மார்கழி, தை மாதங்களில் கால் மரத்துப்போனால் குளிர்தான் காரணமென்று எண்ணி அடுப்பருகே அமர்ந்துவிடுகிறோம். குளிரால் வந்த மரப்பு, உடல் சூடேறியதும் நீங்கிவிடும். நீங்காமல் இரு பாதங்களிலும் மதமதப்பும் எரிச்சலும் தொடர்ந்தால், நீரிழிவோ வைட்டமின் பி12 குறைவோ நரம்புகளைப் பாதித்திருக்கலாம். இரத்தப் பரிசோதனை அவசியம்.

உணர்விழந்த பாதத்திற்குச் சூடு தெரியாது. நெருப்பும் வெந்நீர்ப் பையும் வலி தெரியாமலேயே புண்ணாக்கிவிடும். ஆகவே, கம்பளிக் காலுறை அணிவோம். இரவுதோறும் பாதங்களைப் பார்வையிடுவோம். குனிய இயலாதவர்களுக்கு வீட்டார் பார்த்துச் சொல்லட்டும்.

உடலின் ஒருபக்கம் திடீரென மரத்துப்போனாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, விடியும்வரை காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.