எண்ணிக்கையும் எதிர்காலமும்

நாளைய நகரம் எப்படி அமைய வேண்டும் என்று மேலைநாட்டு அறிஞர்கள் பேசும்போது நம் தாராவியின் பெயரும் அடிபடுகிறது. வீடும் தொழிலும் ஒரே சந்தில் அமைந்த இந்த வாழ்க்கையை, அன்று பிரிட்டிஷ் இளவரசராக இருந்த சார்லஸ் 2009-இல் பாராட்டிப் பேசினார். கழிப்பறை வரிசையில் நின்றவர்களுக்கல்லவா அதன் அருமை தெரியும்!

ஆயினும் அதில் ஓர் உண்மை உண்டு. 13-ஆம் காம்பவுண்டுக்கு வரும் பழைய பிளாஸ்டிக், நிறம் நிறமாகப் பிரித்து, அரைத்து, கழுவி, கூரைமேல் உலர்த்தி, உருக்கி மணிகளாக்கப்பட்டு மீண்டும் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. கூரையும் வாசலுமே அங்கே தொழிற்கூடம். அடுக்குமாடி வீட்டின் ஏழாவது மாடியில் இது நடக்காது.

2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் வென்ற சீரமைப்புத் திட்டப்படி, 1-1-2000-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். பின்னால் வந்தோருக்கும் மேல்தளத்தாருக்கும் தாராவிக்கு வெளியேதான் வீடு. அதுவும் விலைக்கோ வாடகைக்கோ. ஆக, யார் எங்கே வாழ்வது என்பது கணக்கெடுப்புத் தாளிலேயே முடிவாகிவிடுகிறது.

இந்தக் கணக்கை மக்களே எடுத்த காலம் ஒன்று உண்டு. 1985-இல் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதையொட்டி வகுத்த திட்டத்தில் தாராவியின் பல ஆயிரம் குடும்பங்கள் வெளியேற வேண்டியிருந்தது. கோலார் தங்கவயலில் பிறந்த நம்மவரான ஜோக்கின் அற்புதம், 1976-இல் மான்குர்து ஜனதா காலனி இடிக்கப்பட்டு மக்கள் சீத்தா கேம்புக்கு அனுப்பப்பட்டதைக் கண்டு நொந்தவர். அவருடைய தேசியக் குடிசைவாசிகள் சம்மேளனமும் 'ஸ்பார்க்' அமைப்பும் தாராவி மக்களைக் கொண்டே வீடு வீடாக எண்ண வைத்தன. அரசு சொன்னதைவிடக் குடும்பங்கள் மிக அதிகம் என்று தெரியவந்தது. கையில் கணக்கு இருந்ததால் மாற்றுத் திட்டமும் சொல்ல முடிந்தது. 14 அடி உயர அறை, உள்ளே ஒரு பரண். கீழே வேலை, மேலே உறக்கம். மார்க்கண்டேயா கூட்டுறவுச் சங்கக் கட்டடம் இந்த யோசனையில் எழுந்ததே. மக்களே கணக்கெடுக்கும் இம்முறை பிறகு ஆப்பிரிக்க நகரங்களுக்கும் சென்றது. அற்புதத்துக்கு 2000-இல் மகசேசே விருது கிடைத்தது, 2018-இல் மறைந்தார்.

இப்போதைய கணக்கெடுப்பு 2024-இல் தொடங்கியது. அவர்கள் எடுப்பதை எடுக்கட்டும். ஒவ்வொரு சாலும் தனக்கென ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளலாம். ஒரு நீள நோட்டு போதும்: குடும்பத்தினர் பெயர், குடியேறிய ஆண்டு, எந்தத் தளம், என்ன தொழில், கூரையையும் வாசலையும் யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம்.