வெள்ளை போர்டு வண்டியில் சவாரி: இன்சூரன்ஸ் எதுவரை வரும்?

சென்னையிலும் கோவையிலும் ஓடும் பைக் டாக்சிகளில் பெரும்பாலானவை வெள்ளை போர்டு வண்டிகள். சொந்த உபயோகத்துக்கென்று பதிவானவை. இன்சூரன்ஸும் அதற்கென்றே போடப்பட்டது. வாடகைக்கோ கட்டணத்துக்கோ ஓட்டினால் பாலிசி பொருந்தாது என்று அந்தப் பத்திரத்திலேயே ஒரு பத்தி இருக்கிறது. வருடம் தவறாமல் பிரீமியம் கட்டுகிறவர்களில் அதைப் படித்தவர்கள் குறைவு. பாலிசி விற்கும்போது வண்டியை எதற்கு ஓட்டுவீர்கள் என்று கேட்டுவிட்டு விற்பதுதான் முறை. அது நடப்பதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சவாரியோடு போகும்போது தெருவில் நடந்துபோகிறவர் மீது வண்டி மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடிபட்டவரைச் சட்டம் பெரும்பாலும் கைவிடுவதில்லை. பர்மிட் இல்லாமல் ஓடிய வண்டி பற்றிய அம்ரித் பால் சிங் வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் இழப்பீட்டைக் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும். இழப்பீடு லட்சக்கணக்கில் போனால், அதைத் திருப்பிக் கேட்கும் நோட்டீஸ் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்குத்தான் வரும். அப்பா பெயரில் வண்டி இருந்தால் அப்பாவுக்கு. பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணியின் நிலை இன்னும் மோசம். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில், இலவசமாக ஏற்றிச்செல்லும் பின்இருக்கைக்காரருக்கே பாதுகாப்பு இல்லை என்று 2006-இலேயே தீர்ப்பு இருக்கிறது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் அவருக்கும் உண்டு. ஆனால் கட்டணம் வாங்கினீர்கள் என்றதும் கம்பெனி அந்தப் பழைய பத்தியைத்தான் நீட்டும்.

ஓட்டுகிறவருக்கு அடிபட்டால்? 'உரிமையாளர்-ஓட்டுநர்' தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய் என்பது பலருக்கும் தெரியும். அது யாருக்கு, எதற்கு என்பதுதான் தெரிவதில்லை. ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே அது. அண்ணன் வண்டியைத் தம்பி ஓட்டினால் தம்பிக்கு இல்லை. உயிர் போனாலோ, கை, கால், கண் போனாலோ, நிரந்தரமாக முடங்கினாலோதான் பணம். கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்தால் ஒரு ரூபாய் வராது. தவறு தன் மீதே என்றால் எதிர்த்தரப்பிடமும் இழப்பீடு கேட்க முடியாது. வாடகைக்கு ஓட்டினார் என்று சொல்லி அந்த 15 லட்சத்தையே மறுக்கவும் கம்பெனிக்கு இடம் இருக்கிறது. பைக் டாக்சி ஓட்டுகிற வீடுகளில் பெரும்பாலும் அந்த ஒருவர் கொண்டுவரும் காசில்தான் அடுப்பு எரிகிறது.

ஆப் கம்பெனியே இன்சூரன்ஸ் தருகிறது என்று நம்பி இருப்பவர்கள் அது எந்த நிமிடத்தில் தொடங்கி எந்த நிமிடத்தில் முடிகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஆப்பை ஆன் செய்து தெருமுனையில் காத்திருக்கும் நேரம், சவாரியை எடுக்கப் போகும் நேரம், பயணி ஏறிய பிறகு, இறக்கிவிட்டுத் திரும்பும் நேரம் என ஒரு நாளில் பல நேரங்கள் உண்டு. பயணி ஏறி இறங்கும்வரை மட்டும் என்று பாலிசி சொன்னால் மற்ற நேரமெல்லாம் உங்கள் பொறுப்பில்தான். ஆப் கம்பெனிகளுக்கான மத்திய அரசின் 2020, 2025 வழிகாட்டுதல்கள் ஓட்டுநருக்குக் குறைந்தது 5 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடும் 10 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும் இருக்க வேண்டும் என்கின்றன. மாநில அரசு உரிமம் வழங்கும்போது இவற்றை நிபந்தனையாக வைத்தால்தான் காகிதத்தில் இருப்பது கைக்கு வரும். வெள்ளை போர்டு பைக்கில் பயணி ஏற்றுவதை அனுமதிப்பதையும் 2025 வழிகாட்டுதல் மாநிலங்களிடமே விட்டிருக்கிறது.

இப்போதே செய்யக்கூடியது, சவாரி ஓட்டுவதாக இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து அதற்குரிய பாலிசி கேட்பது. கிடைக்காவிட்டால், வண்டியோடு ஒட்டாத தனிநபர் விபத்துப் பாலிசி ஒன்றை, பைக் டாக்சி ஓட்டுநர் என்று தொழிலை மறைக்காமல் எழுதி, தற்காலிக முடக்கத்துக்கு வாரப்படி தருவதாகப் பார்த்து எடுங்கள்.

விபத்து நடந்துவிட்டால் மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர்., ஆப்பில் அந்த ட்ரிப்பின் ஸ்க்ரீன்ஷாட் மூன்றையும் அன்றே பத்திரப்படுத்துங்கள். சவாரி ஓட்டவில்லை என்று பொய் எழுதிக்கொடுக்காதீர்கள். ஆப்பின் பதிவு அதைக் காட்டிக்கொடுக்கும், பிறகு எந்த வாதமும் எடுபடாது. எதிர்த்தரப்பின் தவறு என்றால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது 2019 சட்டத் திருத்தம் வைத்த கெடு. நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

க்ளைம் இல்லை என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். டாக்சியாக ஓடிய ஒரு சொந்த வண்டி திருடுபோன வழக்கில், உபயோக வரம்பை மீறியதற்காக முழுத் தொகையையும் மறுக்க முடியாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் 75 சதவீதத்தைக் கொடுக்கச் சொன்னது. நிதின் கண்டேல்வால் வழக்கு என்று அதன் பெயரையே மனுவில் குறிப்பிடலாம். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் ஏற்புடையதாக இல்லையென்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் வரையிலான தகராறுகளை விசாரிக்கிறார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.