முதல் ஆடு வீடு வந்த மாதம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு அருகே நாம் முன்னர்ப் பணியாற்றிய பங்கில், ஆண்டுத் திருவிழாவின் மறுநாள் காலையில் சமபந்தி விருந்தின் சோறு இரண்டு அண்டா மிஞ்சிக் கிடந்தது. வீணாக்க மனம் வராமல், புதிதாக ஆடு வாங்கியிருந்த ஒரு குடும்பத்துக்கு ஓர் அண்டாச் சோற்றை நாமே கொடுத்தனுப்பினோம். கணவருக்கு ஆலையில் ஷிப்டு வேலை. மனைவி சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய வெள்ளாடுகள் மூன்று. மாலைக்குள் அவை வயிறு உப்பி, அசைபோடுவதை விட்டு, பல்லைக் கடித்தபடி படுத்துவிட்டன. விடியுமுன் இரண்டு மாண்டன. அந்த அம்மையார் நம்மைக் குறை கூறவில்லை. “ஆசையாகத்தானே தின்றன, சாமி” என்றார்.

நஞ்சு எதுவும் அந்தச் சோற்றில் இல்லை. ஆட்டின் வயிற்றில் உள்ள நான்கு அறைகளுள் பெரிய அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தழையையும் புல்லையும் புளிக்கவைத்துச் செரிக்கச் செய்கின்றன. பழக்கமில்லாத ஆடு சோறு, கஞ்சி, அரிசி, கம்பு போன்ற மாவுப் பொருளை ஒரே வேளையில் மிகுதியாகத் தின்றுவிட்டால், அது விரைந்து புளித்து அமிலமாகிறது. அமிலம் மிக மிக அந்த நுண்ணுயிர்களே மடிந்து, உடலின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, ஆடு ஓரிரு நாளில் இறக்கிறது. உடனே கவனித்தால் ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டலாம். ஆட்டின் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் என்பது கணக்கு. தலையை அண்ணாந்து பிடித்துப் புகட்டினால் நீர் நுரையீரலுக்குள் போய்விடும். அதோடு நில்லாமல் கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும். இன்று 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் கால்நடை மருத்துவ ஊர்தி வருகிறது. அன்று நமக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது.

ஆடு வளர்ப்பு நம் பகுதிக்குப் புதிதன்று. மெட்ராஸ் சிவப்பு என்னும் செம்மறி இனத்துக்குத் திருவள்ளூர் வட்டாரமே தாயகம். ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் விலையின்றி வழங்கும் அரசுத் திட்டமும் 2011 செப்டம்பர் 15 அன்று இம்மாவட்டத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அத்திட்டத்தில் நமக்குப் பிடித்த கூறு ஒன்று உண்டு: ஆட்டைப் பெறுபவரே சந்தைக்குச் சென்று தேர்ந்துகொள்ள வழி இருந்தது. தன் கண்ணால் தேர்ந்த ஆட்டின்மேல் எவருக்கும் அக்கறை கூடும் அல்லவா?

தேர்வது எப்படி? கீழ்த்தாடையின் முன்பற்களைப் பாருங்கள். எட்டும் சிறிய பாற்பற்களாயின் வயது ஓராண்டுக்குள். நடுவில் இரண்டு பெரிய பற்கள் முளைத்திருந்தால் ஏறத்தாழ ஒன்றேகால் வயது. முதல் ஆடு வாங்குவோருக்கு இந்த ‘இரண்டு பல்’ பெட்டையே ஏற்றது. கண் தெளிந்து, மூக்கு ஒழுகாமல், வாலடி கழிச்சல் படியாமல் உலர்ந்திருக்கவேண்டும். ஒற்றை ஆடு வாங்காதீர்கள். கூட்டத்தில் வாழும் பிராணி தனித்து விடப்பட்டால் கத்திக் கத்தியே மெலியும். இரண்டாகத் தொடங்குவது நலம். ஆசைப்பட்டுப் பத்தாகத் தொடங்குவது நலமன்று.

செஞ்சியின் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற பெருஞ்சந்தைகளில் பல ஊர் ஆடுகள் ஒன்றையொன்று உரசி நிற்கும். நோய்க்கும் அதுவே சந்தை. அவற்றுள் கொடியது ஆட்டுக்கொல்லி. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்ப்புண், கழிச்சல் என்று வந்து மந்தையையே அழிக்கும் இந்நோய், இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987-இல், நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே எடுத்த கிருமியைக் கொண்டே தடுப்பூசியும் உருவாக்கப்பட்டது. ஒருமுறை போட்டால் மூன்றாண்டுக் காலம் காக்கும். ஆகவே வந்த ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டிக் கவனியுங்கள். தடுப்பூசியும் குடற்புழு நீக்க மருந்தும் பற்றி அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லை வயிறுமுட்ட மேயும் ஆட்டைத் துள்ளுமாரி நோய் தாக்கும். அதன் ஊசியை மழைக்கு முன்பே ஆண்டுதோறும் போட்டுவிடவேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் நம் பக்கத்து ஆட்டுக்குப் பெருஞ்சோதனை. சேற்றில் நின்றால் குளம்பு அழுகும், சளி பிடிக்கும். தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில், புழுக்கை கீழே விழுமாறு இடைவெளிவிட்டுப் பலகை அடித்த பரண் ஒன்று போதும்; ஓர் ஆட்டுக்குப் பத்துச் சதுர அடி. காலைப் பனி உலர்ந்த பின்பே மேயவிடுங்கள். பனிப்புல்லின் நுனியில் குடற்புழுவின் குஞ்சுகள் ஏறியிருக்கும். அகத்தி, வேலிமசால் ஆகியவற்றை வேலியோரம் நட்டுக்கொண்டால், ஆலைச் சாலையோரக் குப்பையில் ஆடு நெகிழிப் பையைத் தின்னும் அவலமும் குறையும். நெகிழி செரிக்காது, வயிற்றில் உருண்டையாகத் திரண்டு, தீனிக்கு இடமின்றி ஆட்டை மெலியவைக்கும்.

பிழைத்த அந்த மூன்றாவது ஆட்டுக்குத் துணையாக மற்றொன்றை வாங்கிக் கொடுத்தோம். அது நம் கடன். ஐந்து மாதச் சினை முடிந்து மூத்தது இரட்டைக் குட்டி ஈன்ற செய்தியை அந்த அம்மையாரே மேடை வாசலுக்கு வந்து கூறினார். சீம்பாலை முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டியாயிற்றா என்று வினவினோம். “அரைமணிக்குள்ளேயே ஊட்டிவிட்டேன், சாமி. சோறு மட்டும் அனுப்பாதீர்கள்” என்று சிரித்தார். அவ்வாண்டுத் திருவிழாவில் மிஞ்சியது கோயில் தோட்டத்து எருக்குழிக்குப் போயிற்று.